ஐ.டி. வகுப்பில் ஃபயோல்

பொறியியல் கல்லூரிகளில் ‘சர்வீஸ் பேப்பர்’ என்று ஒன்று உண்டு. ஒரு துறையின் ஆசிரியர் இன்னொரு துறைக்குப் போய் நடத்திவிட்டு வரும் பாடம். எம்.பி.ஏ. துறையில் புதிதாகச் சேர்பவர் தலையில் முதலில் விழுவது பெரும்பாலும் இதுதான்: ஐ.டி. மாணவர்களுக்கு ‘பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்’. பிள்ளைகள் வாயில் அது பி.ஓ.எம். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் ஐந்து யூனிட். அறிமுகம், திட்டமிடல், ஒழுங்கமைத்தல், வழிநடத்தல், கட்டுப்படுத்தல். கோடிங் இல்லை, லேப் இல்லை, கணக்கு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. பரீட்சைக்கு முந்தின ராத்திரி லோக்கல் ஆத்தர் புத்தகத்தைப் புரட்டினால் பாஸ் என்பது சீனியர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் சேதி. அதில் பெருமளவு உண்மையும் இருக்கிறது.

கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் எனக்கு அந்தப் பேப்பர் வந்தது. எங்களுக்கு அது இறுதியாண்டில், பிளேஸ்மென்ட் சீசன் உச்சத்தில் இருக்கும்போது நடக்கும். முன்வரிசையில் பாதி காலியாக இருக்கும், ஓ.டி. (ஆன் டியூட்டி) வாங்கிக்கொண்டு ஆப்டிட்யூட் டெஸ்ட்டுக்குப் போயிருப்பார்கள். மிச்சப் பேர் மடியில் போனை வைத்துக்கொண்டு கோடிங் பிராக்டீஸ் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாளைக்கு இன்டர்வியூவில் யாரும் ஃபயோலின் 14 கோட்பாடுகளைக் கேட்கப் போவதில்லை.

இந்த வகுப்பை எடுக்க நான் பழகியது எங்கள் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவரிடம். கல்லூரிக்கு வருமுன் ஸ்பின்னிங் மில்லில் ஒர்க் ஸ்டடி பார்த்தவர். ரிங் பிரேம்களுக்கு நடுவில் ஸ்டாப் வாட்ச்சோடு நின்று, ஒரு சைடரால் (ரிங் பிரேம் பார்க்கும் தொழிலாளி) எத்தனை ஸ்பிண்டில் பார்க்க முடியும், அறுந்த இழையைக் கட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்தவர். எம்.பி.ஏ. பட்டமெல்லாம் பிற்பாடு வாங்கியது. ஐ.டி. கம்பெனி வாசலை மிதித்ததில்லை என்று அவரே சொல்வார். ஆனால் எங்கள் கல்லூரியில் ஐ.டி. பிள்ளைகள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்ட ஒரே நான்-டெக்னிகல் வகுப்பு அவருடையது.

“பி.பி.டி. எல்லாம் அப்புறம் பண்ணிக்கலாம் கண்ணு. மொதல்ல என் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சுல உக்காருங்க” என்றார்.

நான் போய் உட்கார்ந்த அன்றைக்குத் திட்டமிடல் யூனிட் ஆரம்பம். அவர் போர்டில் தலைப்புக்கூட எழுதவில்லை. “உங்க மினி புராஜெக்ட்ல லாகின் பேஜ் இருக்குதல்ல? பாஸ்வேர்டு மறந்துட்டா திரும்ப வாங்கற வசதியோட அதைச் செஞ்சு முடிக்க எத்தனை நாள் ஆகும்? துண்டுச் சீட்டுல எழுதிக் குடுங்க. பேர் வேண்டாம்” என்றார். சீட்டுகள் வந்தன. பெரும்பாலும் ஒரு நாள். சிலர் அரை நாள். ஒரு சீட்டில் இரண்டு மணி நேரம் என்று இருந்தது. எதற்கும் முகம் மாறாமல் எல்லா எண்களையும் போர்டில் ஒரு ஓரமாக எழுதினார்.

“சரி, இதுல என்னென்ன வேலை இருக்கு? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க.”

ஃபார்ம் டிசைன், டேட்டாபேஸ் டேபிள் என்று ஆரம்பித்தார்கள். பாஸ்வேர்டை அப்படியே வைக்கக் கூடாது, ஹேஷ் பண்ண வேண்டும் என்றான் ஒருவன். ஓ.டி.பி. அனுப்ப மெயில் சர்வர் வேண்டும். அந்த ஓ.டி.பி. எத்தனை நிமிடம் செல்லும்? தப்பாகத் திரும்பத் திரும்பப் போட்டால் கணக்கைப் பூட்ட வேண்டாமா? பூட்டினால் திறப்பது யார்? வகுப்பே ஒருவரையொருவர் மடக்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு பெண் எழுந்து, “சார், காலேஜ் வைஃபைல மெயில் போகாது சார். போர்ட்டை பிளாக் பண்ணி வச்சிருக்காங்க” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதை மட்டும் தனிப் பத்தியில் எழுதி அடிக்கோடு போட்டார். மறுபடி சீட்டு வாங்கினார். இந்தத் தடவை மூன்று நாளுக்குக் குறைந்து ஒரு சீட்டும் இல்லை.

“மொத சீட்டுக்கும் ரெண்டாவது சீட்டுக்கும் நடுவுல நீங்க செஞ்சீங்களே, அதுதான் பிளானிங். வைஃபை பத்தி இந்தப் பொண்ணு சொன்னது பிளானிங் பிரெமிசஸ். அது உங்க கைல இல்லாத சங்கதி, ஆனா உங்க வேலையை முடக்கும்.” அங்கிருந்து பெர்ட்டுக்குப் போனார். 1958இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான முறை. இதுவரை யாரும் செய்திராத வேலைக்கு ஒரே தேதி சொல்ல முடியாது என்பதால் மூன்று மதிப்பு கேட்பார்கள். எல்லாம் கூடிவந்தால் 2 நாள், வழக்கமாக 4 நாள், வம்பில் மாட்டினால் 12 நாள் என்று வைத்துக்கொண்டால், நடு மதிப்பை நான்கு தரமும் மற்ற இரண்டையும் ஒவ்வொரு தரமும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். 5 நாள் வருகிறது. “கம்பெனில எப்ப முடியும்னு கேப்பாங்க. ஒத்தை நம்பரைச் சொல்லி மாட்டிக்காதீங்க தம்பி” என்றார். திட்டமிடலின் வரைவிலக்கணத்தைக் கடைசி ஐந்து நிமிடத்தில் சொல்லி எழுதவைத்தார், ரெண்டு மார்க் கேள்விக்காக.

பாடப்புத்தகத்தின் வரிசை இதற்கு நேர் எதிர். வரைவிலக்கணம், இயல்புகள், முக்கியத்துவம், படிநிலைகள், நன்மைகள், குறைபாடுகள். எந்தத் தலைப்பை எடுத்தாலும் இதே ஆறு படி. பதில் எழுத அது தோதான வரிசை, கற்க அல்ல. மேலாண்மைக் கோட்பாடு ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் ஒரு சுரங்கத்திலோ பட்டறையிலோ மூச்சுத் திணறி நின்றபோது கண்டடைந்த விடை. கேள்வியை மறைத்துவிட்டு விடையை மட்டும் டிக்டேட் செய்தால் இருபது வயதுப் பிள்ளைக்கு அது உபதேசமாகத்தான் கேட்கும். அவரிடம் நான் கற்ற முதல் பாடம் இந்த வரிசை மாற்றம்தான்: சிக்கல் முதலில், பெயர் கடைசியில்.

ஒரு நோட்டில் தலைப்புவாரியாகச் சிக்கல்களை எழுத ஆரம்பித்தேன். சில தலைப்புகளுக்கு எளிதாகக் கிடைத்தன. அதிகாரப் பகிர்வுக்கு, டீமில் ஒருவனே எல்லாக் கோடும் எழுதி மற்ற மூவரும் ரிப்போர்ட் பைண்டிங் செய்யும் இறுதியாண்டு புராஜெக்ட் போதும். சிலவற்றுக்கு என்ன தேடியும் கிடைக்கவில்லை. துறைகளாகப் பிரிக்கும் வகைகள், நிறுவன உரிமை வடிவங்கள் இப்படி. அவரிடம் காட்டினேன். “எல்லாத்துக்கும் கதை தேடாதீங்க. சிலதை போர்டுல எழுதிப் போட்டுட்டுப் போயிறோணும். பசங்களுக்கும் மூச்சு விட நேரம் வேணுமல்ல” என்றார். அதன்பிறகு அந்தத் தலைப்புகளை அரை வகுப்பில் முடித்துவிட்டு மிஞ்சிய நேரத்தை வேறு இடத்துக்கு மாற்றினேன்.

மிஞ்சிய நேரம் போனது டெய்லருக்கு. ஐ.டி. பிள்ளைகளுக்கு ஒரு குணம் உண்டு. எந்த எண்ணைச் சொன்னாலும் சோதித்துப் பார்ப்பார்கள். ஃபிரெடரிக் டெய்லர் பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனியில் வார்ப்பிரும்புக் கட்டிகளைச் சுமந்து ஏற்றும் வேலையை ஆராய்ந்த கதை எல்லாப் புத்தகத்திலும் உண்டு. ஒரு ஆள் நாளொன்றுக்கு 12.5 டன் ஏற்றிக்கொண்டிருந்தது 47.5 டன் ஆயிற்று, கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆயிற்று என்று 1911இல் வந்த தன் நூலில் அவர் எழுதியிருக்கிறார். போர்டில் எண்களை எழுதி முடிப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது: “மேம், வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு. சம்பளம் அறுபது பர்சென்ட்தான் ஏறியிருக்கு. மிச்சம் யாருக்குப் போச்சு?”

ஹாதார்ன் ஆய்வு அதைவிட மோசம். சிகாகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்தது. தொழிலாளரைக் கவனித்துக்கொண்டாலே உற்பத்தி கூடும் என்பதற்கு மேலாண்மை உலகமே காட்டும் சான்று. அதில் பேர்பெற்ற ரிலே அறைச் சோதனையில் பாகங்களைப் பூட்டியவர்கள் ஐந்து பெண்கள். அதிலும் இருவரை நடுவில் மாற்றிவிட்டார்கள், வேலை நேரத்தில் அதிகம் பேசுகிறார்கள் என்று. “சாம்பிள் சைஸ் அஞ்சா? கண்ட்ரோல் குரூப் எங்க மேம்? டெஸ்ட் நடுவுல ரெண்டு பேரை மாத்தினா அது என்ன டெஸ்ட்?” என்று டேட்டா சயின்ஸ் எலெக்டிவ் எடுத்தவன் ஒருவன் அடுக்கினான். எம்.பி.ஏ. வகுப்பில் இந்தக் கேள்வியை நான் கேட்டதுமில்லை, யாரும் கேட்டுப் பார்த்ததுமில்லை.

ஸ்டாஃப் ரூமில் இதைச் சொன்னபோது மூத்த பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். “புத்தகத்துக்கு வக்கீலாப் போயிறாதீங்க கண்ணு. பசங்க கேட்டது சரி. டெய்லர் சொன்ன இரும்புக் கதைலயே ஓட்டை இருக்குன்னு பின்னாடி ஆராய்ச்சி பண்ணுனவங்க எழுதியிருக்காங்க. அதையும் சேத்துச் சொல்லுங்க” என்றார். பிறகு மில் கதைக்குப் போனார். ஸ்டாப் வாட்ச்சை வெளியே எடுத்த நிமிடம் சைடரின் நடை மாறிவிடுமாம். அறுந்த இழையை ஒரு சுண்டில் கட்டுகிறவர், வாட்ச்சைப் பார்த்ததும் ரோலரைத் துடைப்பார், குனிந்து எதையோ தேடுவார். “சோம்பேறின்னு நெனச்சுறாதீங்க. அவருக்குக் கணக்குத் தெரியும். இன்னிக்கு வேகமாச் செஞ்சு காட்டுனா நாளைக்கு அதுவே நார்ம் ஆயிரும்.” டெய்லரும் இதை அறிந்தவர்தான். ரேட்டைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயத்தால்தான் தொழிலாளி வேண்டுமென்றே மெதுவாகச் செய்கிறான் என்று எழுதியிருக்கிறார். ஸ்டாப் வாட்ச்சையும் நியாயமான ரேட்டையும் வைத்து அதைத் தீர்த்துவிடலாம் என்று நம்பியது மட்டும் நடக்கவில்லை.

அந்த மில் கதையை நான் வகுப்பில் சொன்ன சமயம், பழைய மாணவன் ஒருவன் சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்கு வந்திருந்தான். பெங்களூரில் வேலை. வகுப்பில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னேன். “எங்க டீம்லயும் அதேதான். ரெண்டு ஸ்டோரி பாயின்ட் வேலைக்கு அஞ்சுன்னு சொல்லுவோம். சீக்கிரம் முடிச்சா அடுத்த ஸ்பிரின்ட்ல கூடுதலா டிக்கெட் வந்துரும்ல” என்றான். நூற்றாண்டுக்கு முந்தைய இரும்பு யார்டு, கோவை மில், பெங்களூர் ஸ்பிரின்ட் மூன்றும் ஒரே கோட்டில் வந்து நின்றன. அன்றைக்கு டெய்லரைப் பற்றிப் பதின்மூன்று மார்க் பதில் எழுத யாருக்கும் நோட்ஸ் தேவைப்படவில்லை.

ஃபயோலுக்கு வருகிறேன். ஆன்ரி ஃபயோல் சுரங்கப் பொறியாளர். 1860இல், பத்தொன்பது வயதில், பிரான்சின் கொமந்த்ரி நிலக்கரிச் சுரங்கத்தில் சேர்ந்தவர். 1888இல் திவாலாகும் நிலையிலிருந்த அந்தக் கம்பெனியின் தலைமைப் பொறுப்புக்கு வந்து அதை நிமிர்த்தினார். அனுபவத்தையெல்லாம் திரட்டி எழுதிய நூல் வந்தது 1916இல். அப்போது வயது எழுபத்தைந்து. நாற்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு எழுதிய ஆள் என்பதைச் சொன்னாலே வகுப்பில் மரியாதை கொஞ்சம் கூடுகிறது. அவருடைய 14 கோட்பாடுகளில் ஒன்று, ஒருவருக்கு உத்தரவு ஒருவரிடமிருந்துதான் வர வேண்டும் என்பது. இதற்கு நான் எடுத்துக்கொண்ட சிக்கல் சிம்போசியம்.

டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு முந்தின நாள். சர்டிஃபிகேட் அச்சடிக்க ஒரு மாணவன் காந்திபுரம் பிரஸ்ஸில் நிற்கிறான். ஸ்பான்சர் லோகோ வரும்வரை நிறுத்து என்கிறார் ஸ்டாஃப் கோஆர்டினேட்டர். இன்றைக்கே அடித்து வாங்கி வா என்கிறார் எச்.ஓ.டி. டிசைனையே மாற்று என்று வாட்ஸ்ஆப்பில் சொல்கிறான் மாணவர் தலைவன். பிரஸ்காரர் கடையைச் சாத்தப் போகிறார். இப்போது அவன் என்ன செய்ய வேண்டும்? எல்லா வகுப்பிலும் இப்படி நின்ற ஒருவனாவது இருப்பான். அவனையே எழுந்து சொல்லச் சொன்னால் கோட்பாடு தானாக வந்துவிடும்.

அதோடு முடிந்தால் சுகம். முடியாது. “ஆனா மேம், ஐ.டி. கம்பெனில புராஜெக்ட் மேனேஜர் ஒருத்தர், ஸ்க்ரம் மாஸ்டர் ஒருத்தர், அப்ரைசல் போடற மேனேஜர் இன்னொருத்தர். கிளையன்ட் வேற நேரா கால் பண்ணுவான். ஃபயோல் சொன்னது அப்ப தப்பா?” என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். மேட்ரிக்ஸ் அமைப்பு என்று ஒரு பெயரைச் சொல்லிக் கடந்துபோகத்தான் புத்தகம் வழி காட்டுகிறது. மூத்த பேராசிரியர் தன் வகுப்பில் அப்படிக் கடந்துபோகவில்லை. டெய்லரே ஒரு தொழிலாளிக்கு எட்டு ஃபோர்மேன் இருக்கலாம், ஆளுக்கு ஒரு நிபுணத்துவம் என்று சொன்னவர் என்பதை நினைவூட்டினார். ஒரே காலத்தில் வாழ்ந்த இரண்டு பொறியாளர்கள் இந்த விஷயத்தில் நேர் எதிராக நிற்கிறார்கள். பிறகு போர்டில் மூன்று கேள்வி எழுதினார். லீவு யார் தருவார்? அப்ரைசல் யார் போடுவார்? ராத்திரி சர்வர் விழுந்தால் யாருக்குப் போன் பண்ணுவது? “மூணுக்கும் மூணு பேர் பதிலா இருந்தாலும் பரவாயில்ல. எதுக்கு யாருன்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சிருக்கா? தெரிஞ்சா ஓடும். தெரியலைன்னா உங்களை மாதிரிப் புதுசா வந்த பையன்தான் நடுவுல மாட்டுவான்.” கோட்பாட்டை மீறலாம்; மீறினால் ஒரு விலை உண்டு, அதை யார் கொடுக்கிறார்கள் என்று பார் என்பதுதான் அவர் சொன்னது. நான் படித்த எம்.பி.ஏ. புத்தகங்களில் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் இந்தப் பாடத்தின் அடிப்படைச் சிக்கல் எனக்குப் பிடிபட்டது. பாடத்திட்டத்திலுள்ள பெரிய பெயர்களில் பலர் சுரங்கத்தையும் இரும்பையும் ரிலேவையும் பார்த்து எழுதியவர்கள். அங்கே வேலையைப் பங்கு போடலாம். இன்னும் பத்து ஆள் வந்தால் இன்னும் பத்துப் பங்கு வேலை நடக்கும். மென்பொருள் அப்படியில்லை என்று விளக்கமாகச் சொன்னவர் ஃபிரெட் புரூக்ஸ். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 வேலையை நடத்தி, பட்ட பாட்டை 1975இல் ‘தி மித்திக்கல் மேன்-மந்த்’ என்ற நூலாக எழுதினார். தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அவர் கண்ட உண்மை. எங்கள் மேலாண்மைப் பாடப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஐ.டி. துறையின் இளம் ஆசிரியர் ஒருவர்தான் புத்தகத்தை எங்களிடம் கொடுத்தார். மூத்தவர் அதை ஒரு வார இறுதியில் படித்துவிட்டு வந்து, “இத்தனை நாள் இவர் இல்லாம இந்தப் பேப்பரை நடத்திட்டிருந்தோமே” என்றார்.

அடுத்த வகுப்புக்கு அவர் கொண்டுவந்தது ஒரு கோன் நூல். பழைய மில் சிநேகிதரிடம் கேட்டு வாங்கியது. நான்கு மாணவர்களை முன்னால் வட்டமாக நிறுத்தி, ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் ஒரு நூலால் இணையும்படி கட்டச் சொன்னார். ஆறு நூல். சட்டென்று முடிந்தது. “இப்ப டெலிவரி லேட். மேனேஜர் நாலு பேரைச் சேத்துட்டாரு” என்று இன்னும் நான்கு பேரைக் கூப்பிட்டார். எட்டுப் பேருக்கு இருபத்தெட்டு நூல் வேண்டும். பழைய நான்கு பேரும் தங்கள் கையிலிருந்த நூலை விட்டுவிட்டுப் புதியவர்களுக்கு எது எங்கே போகிறது என்று காட்ட வேண்டியிருந்தது. இரண்டு நூல் அறுந்தது. ஒருவன் கையை உயர்த்தினால் மூன்று பேர் இழுபட்டார்கள். “வேலை நடந்துச்சா?” என்று கேட்டார். “இல்லைங்க சார், நூலைப் பிரிக்கறதுதான் வேலையா இருந்துச்சு” என்றாள் நடுவில் மாட்டியிருந்த பெண். அதற்குப் பிறகு அவர் ஃபார்முலாவை எழுதவில்லை, மாணவர்களே எழுதினார்கள். ஆட்களின் எண்ணிக்கையை அதில் ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகு. பத்துப் பேர் டீமுக்கு நாற்பத்தைந்து.

மில்லில் ஒரு சைடரைக் கூட்டினால் அவர் பங்குக்குரிய ஸ்பிண்டில்கள் ஓடும். பக்கத்து சைடரிடம் அவர் பேச வேண்டிய அவசியமே இல்லை. தன் முப்பது வருட அனுபவம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று அவரே வகுப்பில் கோடு போட்டுக் காட்டினார். வயதில் மூத்த ஆசிரியர்கள் இதைச் செய்து நான் அதிகம் பார்த்ததில்லை.

வழிநடத்தல் யூனிட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்லோவின் முக்கோணத்தை அவர்கள் பிளஸ் டூவிலிருந்தே ஏதாவது மோட்டிவேஷன் கூட்டத்தில் பார்த்துச் சலித்திருப்பார்கள். கெஸ்ட் லெக்சருக்கு வருபவர்கள் தவறாமல் ‘தெரிந்து வினையாடல்’ அதிகாரத்துக்குப் போவார்கள். குறள் மேல் குற்றமில்லை, ஐந்தாவது முறை கேட்பவன் மேலும் குற்றமில்லை. எனக்குக் கைகொடுத்தது ஸ்ரீஹரிகோட்டா. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். பத்திரிகையாளர்கள் முன் போய் நின்று தோல்விக்குப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று வெற்றி பெற்றபோது கலாமையே பேச அனுப்பினார். கலாம் மேடை மேடையாகச் சொன்ன சம்பவம் என்பதால் எல்லோருக்கும் தெரியும். அதனால் முதல் பாதியோடு நிறுத்திவிட்டு, “நாளைக்கு செகண்ட் ரிவ்யூ. டெமோ ஓடவில்லை. உங்கள் டீமில் யார் எழுந்து பேசுவார்கள்?” என்று கேட்பேன். வகுப்பில் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்தாலே அந்த வருடத்தின் டீம்கள் எப்படிப் போகும் என்று சொல்லிவிடலாம்.

கட்டுப்படுத்தல் யூனிட்டில் பிள்ளைகளே எனக்கு ஆசிரியர்கள். தரநிலை வகு, அள, ஒப்பிடு, திருத்து என்று நான்கு படி. எதை அளப்பது என்பதில்தான் வம்பு. “புராஜெக்டில் யார் எவ்வளவு வேலை செய்தார்கள் என்று கிட்ஹப் கமிட் எண்ணிக்கையை வைத்து மார்க் போடலாமா?” என்று கேட்டேன். “தாராளமாப் போடுங்க மேம். ஒவ்வொரு கமாவுக்கும் ஒரு கமிட் போட்டுருவேன்” என்றான் ஒருவன். எத்தனை வரி கோட் என்று எண்ணலாமா? அதற்கு ஆப்பிளின் பில் அட்கின்சன் கதையைச் சொன்னேன். லிசா கம்ப்யூட்டர் தயாரிப்பின்போது ஒவ்வொரு வாரமும் எழுதிய வரிகளின் எண்ணிக்கையை ஃபார்மில் நிரப்பச் சொன்னார்கள். அவர் அந்த வாரம் ஒரு பகுதியை மாற்றி எழுதி, முன்னைவிட வேகமாக ஓடும்படி செய்து, 2000 வரிகளைக் குறைத்திருந்தார். ஃபார்மில் மைனஸ் 2000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் ஃபார்ம் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

“அஜைல் வந்தப்புறம் பிளானிங், கன்ட்ரோலிங் எல்லாம் எதுக்கு மேம்?” என்பதும் இந்த யூனிட்டில் வரும் கேள்விதான். 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதினேழு பேர் கூடி அஜைல் பிரகடனத்தை எழுதினார்கள்; திட்டமிடலை அவர்கள் ஒழிக்கவில்லை. இரண்டு வார ஸ்பிரின்ட்டின் தொடக்கத்தில் பிளானிங், தினமும் ஸ்டாண்ட்-அப், முடிவில் ரெட்ராஸ்பெக்டிவ் என்று வரிசையாகப் போட்டுக் காட்டினால் அதே நான்கு படி தெரியும். வருடத்துக்கு ஒரு தடவை சுற்றிய சக்கரம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சுற்றுகிறது, அவ்வளவே.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளில் கணிசமானோர் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள். இங்கிலீஷில் கேஸ் ஸ்டடி கொடுத்து விவாதிக்கச் சொன்னால் கான்வென்ட் பிள்ளைகள் நான்கு பேர் பேசுவார்கள். குழுவுக்குள் தமிழில் சண்டை போடுங்கள், முடிவை மட்டும் இங்கிலீஷில் எழுதுங்கள் என்றால் வகுப்பின் முகமே வேறு. மில் தொழிலாளியின் மகன் ஒருவன் சங்கப் பேச்சுவார்த்தையைப் பற்றிச் சொன்ன அளவுக்கு எந்தப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

பரீட்சை என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். பத்து ரெண்டு மார்க், ஐந்து பதின்மூன்று மார்க், ஒரு பதினைந்து மார்க், மொத்தம் நூறு. இதற்கும் மூத்த பேராசிரியர்தான் வழி காட்டினார். வேல்யூவேஷன் கேம்ப்பில் எத்தனையோ வருடம் பேப்பர் திருத்தியவர். கட்டு கட்டாக ஒரே மாதிரிப் பதில்களைப் படித்துக் களைத்துப்போன கண்ணுக்கு, நடுவில் ஒரு சொந்த உதாரணம் வந்தால் எப்படி இருக்கும் என்று மாணவர்களிடமே நடித்துக் காட்டுவார். ஒவ்வொரு யூனிட் முடிவிலும் கடைசி இரண்டு வகுப்புகளைப் பதில் எழுதும் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுவார். புத்தக வரிசையிலான ஆறு படி அங்கேதான் வேலைக்கு வரும். இதை இழிவாக நினைக்கும் இளம் ஆசிரியர்கள் உண்டு. ஒரு அரியர் ஒரு பிள்ளையின் பிளேஸ்மென்ட்டைக் காவு வாங்கும் ஊரில் அந்த உயர்வு மனப்பான்மை உதவாது.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது புதிதாகச் சேர்பவர்கள் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள். நான் பார்த்தவரை இந்தப் பேப்பரைக் கெடுப்பது மாணவர்களின் அலட்சியமும் அல்ல, பாடத்திட்டத்தின் பழமையும் அல்ல. டைம் டேபிளில் யாருக்கு வகுப்பு நேரம் குறைகிறதோ அவர் தலையில் இதைக் கட்டுவதும், அடுத்த வருடம் அவரையும் மாற்றுவதும்தான். சேர்த்து வைத்த சிக்கல்களும் சம்பவங்களும் ஆசிரியரோடு போய்விடுகின்றன; புதியவர் மறுபடி வரைவிலக்கணத்திலிருந்து ஆரம்பிக்கிறார்.

துறைத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒரே ஆசிரியரிடம் இந்தப் பேப்பரைச் சில வருடமாவது தொடர்ந்து கொடுங்கள். ஐ.டி. துறையிலிருந்து ஒருவர் அவ்வப்போது அந்த வகுப்பில் வந்து உட்காரட்டும். பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களே, இதை இறுதியாண்டிலிருந்து எடுத்து, மினி புராஜெக்ட் நடக்கும் செமஸ்டரில் வையுங்கள். புரூக்ஸின் புத்தகத்தையும் நூல் பட்டியலில் சேருங்கள்.